கம்பத்துக்கு ஒரு டீ

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் உன் முட்டியை விசாரித்துவிடுகிறேன். இப்போதைக்கு அந்த வீட்டில் மரியாதைக்குரிய ஆள் அதுதான். தையல் பிரித்தாகிவிட்டதா? கொஞ்சமாவது மடக்க முடிகிறதா?

அண்ணி போட்ட சட்டப்படி இது என் முதல் கடிதம். ஆபரேஷன் வேண்டும், வேண்டாம் என்று நாம் போனில் போட்ட சத்தத்தில் அவர் உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "இனிமே ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க. தாள்ல கத்த முடியாதுல்ல" என்று வைத்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் நல்ல தீர்ப்புதான். நாற்பத்து நான்கு வயதில் அண்ணனோடு கத்தினால் மறுநாள் தொண்டை வலிக்கிறது. யார் ஜெயித்தது என்பது நினைவில் இருப்பதில்லை.

ஒரு செய்தி. பாடப்புத்தகம் திருத்தும் வேலையை விட்டுவிட்டேன். புதிதாக எழுத்து வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. என்ன வேலை என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என ஒன்பது பக்கங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதனால் நீயும் கேட்காதே. சரிப்பட்டு வந்தால் நிரந்தரமாக்குவார்களாம்.

போகிற போக்கில் ஒரு சந்தேகம். கால்பந்தில் பந்து கோல் கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனால் அதற்கு என்ன சொல்வார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணிக்கு என் அன்பு. முட்டிக்கு என் வணக்கம்.

உன் தங்கை

*

மார்ச் 17

பண்டிதருக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம், முட்டி தனியாகச் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? புது வேலை என்றால் நீ முதலில் விடுவது சாப்பாட்டைத்தான்.

இருபத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்க்க மாடிக்கும் கீழுக்கும் போய் வந்தவனை ஒரே தளத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆறு மாசத்துக்கு எந்த லிஃப்டின் மேலும் ஏறக் கூடாதாம். என்னிடம் வேலை கற்ற பயல்கள் போன் போட்டு, "அண்ணே, ஏழாவது மாடியில நின்னுடுச்சு, அசைய மாட்டேங்குது" என்பார்கள். "எனக்கும் அதே கேஸ்தான்டா" என்பேன்.

பொழுது போவது ஒரே ஒரு விஷயத்தில். செப்டம்பரில் புதுக் கால்பந்து வீடியோ கேம் வருகிறது. அதைப் பற்றி எழுதுவதையெல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறேன். மழை பெய்தால் பந்து உருளும் வேகம் குறையுமாம். கோல் விழுந்தால் வலை ஆடி அடங்க இரண்டு விநாடி ஆகுமாம். போன வருஷ ஆட்டத்தில் கோல்கீப்பர், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நிற்பான். இந்தத் தடவை நிஜமாகவே பாய்கிறானாம். இதைவிடப் பெரிய சேதி, நம்ம மொழியில் கமெண்ட்ரி வருகிறது! இத்தனை வருஷம் யாரோ கத்தினதைப் புரியாமல் கேட்டோம். சேர்ந்து கேம் ஆடும் எங்கள் கூட்டத்தில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: கம்பத்தில் உரசி வெளியே போனால் "ச்சே" என்போம். அதற்கு எதற்குப் பெயர்?

அண்ணி உன்னை அடுத்த மாசம் வரச் சொல்கிறாள்.

அண்ணன்

*

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமே. சாப்பிடுகிறேன், நம்பு. உன் முட்டி படி ஏறத் தொடங்கிவிட்டதா?

அடுத்த மாதம் வர முடியாது. எங்கள் அலுவலகத்தைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். கண்ணாடி அறை ஒன்று, சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே இரண்டு பேர் நான் எழுதித் தருவதை வாசிக்கிறார்கள். ஒருவர் வானொலியில் முப்பது வருடம் வானிலை அறிக்கை படித்தவர். வானமே இடிந்து விழுந்தாலும் "ஓரிரு இடங்களில்" என்றுதான் சொல்வார். இன்னொருவர் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தவர். அந்த அம்மாள் சொன்னால் எதுவும் தாமதமாக வந்தே தீரும் என்று தோன்றும். இருவரும் தங்கமான மனிதர்கள். எங்கள் குழுவின் தலைவி அதிகம் பேசுவதில்லை, பென்சிலால் மேசையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் மறுபடி எழுது.

இதுவரை ஆயிரத்து நூறு வாக்கியங்கள் எழுதிவிட்டேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, அழகாக வந்திருக்கின்றன. உன் "ச்சே"யை மட்டும் எங்கேயும் வைக்க முடியவில்லை. அதைப் பார்த்தால் தலைவி எத்தனை முறை தட்டுவாரோ.

செப்டம்பர் ஆட்டத்துக்கு நீ நாள் எண்ணுவது தெரிகிறது. பொறுமையாக இரு. அண்ணியையும் பொறுமையாக இருக்கச் சொல்.

உன் தங்கை

*

மே 22

பண்டிதருக்கு,

சுகம். ஆனால் வயிறு எரிகிறது, சாப்பாட்டால் அல்ல.

புது ஆட்டத்தின் முன்னோட்டம் வந்துவிட்டது. ஆறு நிமிஷம். நேற்று முழுக்க அதைத்தான் பார்த்தோம். புல் ஈரமாகத் தெரிகிறது, வலை ஆடுகிறது, ரெஃபரிக்குக் கூட வியர்க்கிறது. எல்லாம் சொன்னபடி. அப்புறம் சத்தத்தைக் கூட்டினேன்.

என்னத்தைச் சொல்ல. "பந்து கம்பத்தைத் தழுவிச் சென்றது" என்கிறார் ஒருத்தர், கடலோரத்தில் லேசான மழை என்று வானிலை வாசிக்கிற மாதிரி. தழுவிச் செல்ல அது என்ன மாமன் மகளா? கோல் விழுகிறது, "ஈடு இணையற்ற முயற்சிக்குக் கிட்டிய கனி" என்கிறது ஒரு அம்மா. கனி கிட்டுவதற்குள் எதிரணி திரும்பி வந்து இன்னொரு கோல் போட்டுவிடும். எழுதினது யாரோ, பந்து பக்கம் போனதே இல்லை. பரீட்சைத் தாளுக்கு விடை எழுதின மாதிரி இருக்கிறது. பத்து வருஷம் காத்திருந்ததற்கு இதுவா?

சும்மா விடவில்லை. கம்பெனியின் பக்கத்தில் நானே ஒரு மனு போட்டேன். "எங்கள் மொழியைக் காப்பாற்ற ஒரே வழி, இதை எடுத்துவிடுவதுதான்" என்று தலைப்பு. எங்கள் கூட்டம் பூராவும் கையெழுத்து. இன்று காலை வரை நானூற்றுப் பன்னிரண்டு. பண்டிதரான நீயும் ஒரு கையெழுத்துப் போட்டால் கனமாக இருக்கும்.

உன் வேலை எப்படி? சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூன் 25

அன்பான நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உடம்பு நல்லா இருக்கிறாயா? ஒரு மாசத்துக்கு மேல் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எழுதித்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான், அதனால் எனக்கே போன் செய்யக் கூச்சமாக இருக்கிறது.

உன் அண்ணன் "வேலையா இருப்பா" என்கிறார். ஆனால் தினம் பதினோரு மணிக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு தபால் பெட்டி வரைக்கும் போகிறார். கேட்டால், டாக்டர் நடக்கச் சொன்னார் என்கிறார். டாக்டர் சொன்னது சாயங்காலம் நடக்க. "அவளுக்கு என்ன எழுதுனீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் எழுதல, கேமைப் பத்தித்தான்" என்றார். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

வேலைதான் காரணமென்றால் இரண்டு வரி போதும். கோபம் என்றால் நாலு பக்கம் எழுது, அவரைப் படிக்க வைக்கிறேன்.

உன் அண்ணி

*

ஜூலை 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். எழுதாமல் போனதற்கு வேலைதான் காரணம். அண்ணியிடம் கோபம் ஒன்றும் இல்லை என்று சொல்.

ஒன்பது பக்கக் கையெழுத்தை மீறாமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்கிறேன். நான் எழுதியதை வெளியே சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். எடுத்தே விடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். தலைவி இரண்டு முறை தட்டவில்லை, பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இந்த மாத இறுதிக்குள் முழுதையும் மாற்றித் தர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பகுதியையே நீக்கிவிடுவார்கள். நானும், வாசிக்கும் இருவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த அம்மாள் இந்த வேலையை நம்பித்தான் ரயில் நிலையத்தை விட்டு வந்தார்.

முதலில் கோபமாக வந்தது. பிறகு நான் எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். சிரித்தவர்கள் சரிதான். நான் எழுதியது தள்ளி நின்று பார்த்தவள் எழுதியது. உள்ளே இருப்பவன் அப்படிப் பேச மாட்டான். நான் வாழ்க்கையில் எதற்கும் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியது இல்லை, உன்னிடம் போனில் தவிர.

அதனால் கேட்கிறேன். திட்டுச் சொற்களை நீக்கிவிட்டுப் பதில் எழுது. காலியான கோலுக்கு முன்னால் நின்று ஒருவன் வெளியே அடித்தால் உன் வாயில் முதலில் என்ன வரும்? யாருக்கும் தராமல் பந்தைத் தானே வைத்துக்கொண்டிருப்பவனை? அடிபடாமலே உருளுகிறவனை? இரண்டு பேருக்கு நடுவில் ஒருவன் புகுந்து வந்தால்? கம்பத்தில் பட்டால் ("ச்சே" தவிர)? கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தால்?

ஏன் என்று கேட்காதே.

உன் தங்கை

*

ஜூலை 8

அன்பான நாத்தனாருக்கு,

சுகந்தானே? அவர் எழுதுவது தனியாக வரும். அதற்கு முன்னால் இது.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். உன் பழைய கடிதங்களைக் கேட்டு வாங்கி, ஏப்ரலில் நீ எழுதியதில் "வானிலை அறிக்கை" என்ற இடத்தில் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் இருந்தார். "என்னாச்சு?" என்றேன். "லிஃப்ட் மேல ஆள் இருக்குறது தெரியாம பொத்தானை அழுத்திட்டேன்" என்றார். எந்த லிஃப்ட் என்று கேட்டேன், ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டார். மத்தியானம் சாப்பாட்டில் உப்பு அதிகம், இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது தொலைக்காட்சி முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்க்கிறார். தானே கத்திவிட்டு, தானே எழுதிக்கொள்கிறார்.

உன் அண்ணி

*

ஜூலை 9

பண்டிதருக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு. தூங்கு. இந்த மூன்றையும் இந்தத் தடவை கட்டளையாக எடுத்துக்கொள்.

ஏன் என்று கேட்க மாட்டேன். கயிறு எத்தனை வருஷம் பழசு என்று லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் நாங்களும் சொல்வதில்லை.

காலி கோல்: "வாசல் தொறந்து கெடக்கு, வெளக்கு வேற போட்டு வச்சிருக்கு, இவன் ஜன்னல் வழியா போறான்."

பந்தைத் தராதவன்: "பந்து என்ன உன் பேர்ல எழுதி வச்சிருக்கா? குடுப்பா."

உருளுகிறவன்: "விழுந்தான்னு சொல்லாதீங்க, படுத்தான்னு சொல்லுங்க."

நடுவில் புகுந்தவன்: "கதவு சாத்துறதுக்குள்ள உள்ள வந்துட்டான்யா."

பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தினால்: "மேல போறதா, கீழ போறதா, முடிவு பண்ணுங்க. உள்ள ஆள் நிக்குது."

கம்பத்தில் பட்டால்: "டங்! கீப்பர் இன்னிக்குக் கம்பத்துக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்."

கடைசி நிமிஷ கோலுக்கு என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணியைக் கேட்டேன். "அய்யய்யோன்னுதான் கத்துவீங்க. கெட்டதுக்கும் அதான், நல்லதுக்கும் அதான்" என்றாள். அதையே எழுதிக்கொள்.

நீ கேட்காதது இன்னும் எண்பத்தைந்து இருக்கிறது, பின்னால் இணைத்திருக்கிறேன். மழைக்கு ஏழு, ரெஃபரிக்குப் பதினொன்று (திட்டு நீக்கியது, நீக்காதது இருபது).

எதிலாவது தப்பு இருந்தால் என் தலையில் போடு. நான் எழுதும் எல்லாவற்றையும் நம்பாதே. சில சமயம் விஷயம் தெரியாமல் எழுதிவிடுகிறேன்.

அண்ணன்

*

ஜூலை 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகமென்று நம்புகிறேன். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சளி இல்லை. ஏன் என்று கேள்.

உன் பக்கங்களைத் தலைவி முன் வைத்தேன். வீட்டில் சத்தமாக இருப்பவர் ஒருவரிடம் கேட்டு எழுதியது என்று மட்டும் சொன்னேன். "வாசல் தொறந்து கெடக்கு" வரும்போது பென்சில் ஒரு முறை தட்டியது. அதற்குப் பிறகு அது நிற்கவேயில்லை.

வாசிப்பவர்கள்தான் படாத பாடு பட்டார்கள். வானிலைக்காரரால் கத்த முடியவில்லை. "முப்பது வருஷமா யாரையும் பயமுறுத்தாம பேசியே பழகிட்டேம்மா" என்றார். ஒரு முறை கத்தினால் மறு முறை மன்னிப்புக் கேட்டார். கடைசியில் நான் கண்ணாடி அறைக்குள் போய், எப்படிக் கத்த வேண்டும் என்று கத்திக் காட்டினேன். எனக்குத் தெரிந்த கத்தல் ஒன்றுதான், உன்னுடையது. கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. பக்கத்து அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்கப்புறம் வானிலைக்காரர் விட்டார் பார், புயல்.

வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இத்தனை வருடமும் உன் சத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டே அதைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன் என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது.

பெனால்டிக்கு மட்டும் நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிட்டாயா?

உன் தங்கை

*

ஆகஸ்ட் 3

பண்டிதருக்கு,

தொண்டைக்கு வெந்நீர் குடி. நாங்கள் சுகம். முட்டி நூறு டிகிரி மடங்குகிறது, டாக்டர் கை தட்டினார்.

மறக்கவில்லை. பெனால்டி அடிக்கும்போது யாரும் பேச மாட்டோம்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். முட்டிக்கு என் வாழ்த்து.

சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அந்தப் பகுதி நீக்கப்படவில்லை. மூன்று பேரும் வேலையில் இருக்கிறோம். நான் நிரந்தரம்.

முன்பு உனக்கு ஒன்று எழுதாமல் விட்டேன். எங்கள் வேலையை எடுத்துவிடச் சொல்லி ஒரு மனு வந்திருந்தது. தலைவி அதை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். மேலே இருந்தவர்கள் முடிவு செய்ய அதுவே போதுமாக இருந்தது. ஆனால் ஜூலையில் அந்த மனுவைத் தொடங்கியவரே அதன் கீழே வேறொன்று எழுதியிருக்கிறார். நேற்றுத் தலைவி வாசித்துக் காட்டினார். "தப்பு என்னுது. பழுது பாக்க ஆள் உள்ள இருக்கறப்ப வெளியில நின்னு பொத்தானை அழுத்தக் கூடாது. அவங்களுக்கு நேரம் குடுங்க" என்று. நானூற்றுச் சொச்சம் பேரும் ஒவ்வொருவராகக் கையெழுத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

"யாரோ நல்ல மனுஷர், தெரியுமா?" என்று தலைவி கேட்டார். தெரியாது என்றேன். ஒன்பது பக்கக் கையெழுத்துக்குப் பிறகு எனக்குப் பொய் நன்றாக வருகிறது.

செப்டம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்று உன்னைக் கேட்க வேண்டியதில்லை. இந்தத் தடவை நானும் எண்ணுகிறேன். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று இப்போது எனக்குப் பெரிதாகப் பயமில்லை. ஒருவர் சொல்வதற்குத்தான் பயம்.

உன் தங்கை

*

செப்டம்பர் 29

பண்டிதருக்கு,

எல்லோரும் சுகம். அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டம் வந்துவிட்டது. கடை திறக்கும்போது வாசலில் நான்தான் முதல் ஆள். நேற்று மத்தியானம் போட்டு உட்கார்ந்தேன். புல்லைப் பற்றியும் வலையைப் பற்றியும் முன்னோட்டம் பார்த்தவர்கள் எழுதியதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் நான் அதையெல்லாம் பார்த்த மாதிரி நினைவில்லை.

முதல் ஆட்டத்திலேயே எதிராளி ஒரு கோல் போட்டுவிட்டான். எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் எனக்குப் பெனால்டி. அந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். கூட்டத்தின் இரைச்சல் மட்டும்தான். பொத்தானை அழுத்தினேன். கோல். சமன். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்த பந்தும் என் ஆட்டக்காரன் காலுக்கே வந்தது, இரண்டு பேருக்கு நடுவில் கதவு சாத்துவதற்குள் உள்ளே போய்விட்டான், அடித்தேன், உள்ளே.

நான் வாயே திறக்கவில்லை.

உன் அண்ணி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே, "ஏங்க இப்படிக் கத்துறீங்க, கீழ் வீட்டுல குழந்தை தூங்குதுல்ல" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். "நான் கத்தல" என்றேன். "பின்ன யாரு அய்யய்யோ அய்யய்யோன்னது?" தொலைக்காட்சியைக் கை காட்டினேன்.

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று கேட்டாள். வானிலைக்காரர் இன்னும் அடங்கவில்லை. அந்த அம்மா, ரெஃபரிக்கு நான் எழுதின பதினொன்றில் நாலாவதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் தொலைக்காட்சியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது, "அவளுக்கு ஒரு லெட்டர் போடுங்க" என்றாள்.

எதற்கு என்று நானும் கேட்கவில்லை. போடுகிறேன்.

அண்ணன்